கார்னிலியா சொராப்ஜி வக்கீலாகப் பதிய ஏன் 22 வருஷம் ஆனது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சட்டக் கல்லூரி மாணவிகளிடமும் பள்ளிக்கூடங்களிலும் கார்னிலியா சொராப்ஜியைப் பற்றிப் பேசப் போவது எனக்கு வழக்கம். எந்த ஊருக்குப் போனாலும் பேச்சு முடிந்ததும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. ஒவ்வொரு முறையும் நேரம் போதாமல் பாதி பதிலோடு கிளம்பி வருவது மனசுக்கு ஒப்பவில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து, பதில்களை முழுதாக எழுதியிருக்கிறேன்.

யாருங்க இந்த கார்னிலியா சொராப்ஜி? பேரே கேள்விப்பட்டதில்லையே?

1866 நவம்பர் 15 அன்று நாசிக்கில் பிறந்தவர். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பட்டதாரி. ஆக்ஸ்ஃபோர்டில் சட்டம் படித்து, அங்கே பி.சி.எல். என்ற சட்டத் தேர்வை எழுதிய முதல் பெண். 1921-ல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் வக்கீலாகப் பதிவு பெற்றார். 1954-ல் லண்டனில் காலமானார்.

இந்தச் சில வரிகளைப் படித்தால் அடுத்தடுத்துப் படியேறிப் போன வாழ்க்கை மாதிரி இருக்கும். நடந்தது அப்படி இல்லை. வக்கீல் பரீட்சையில் அவர் தேறியது 1899-ல். பதிவேட்டில் பேர் ஏறியது 1921-ல். நடுவில் போன 22 வருஷத்தைப் பற்றித்தான் இந்தப் பக்கமே.

பார்சியா, கிறிஸ்தவரா? வெள்ளைக்காரப் பேரா இருக்கே?

அப்பா சொராப்ஜி கர்சேட்ஜி பார்சி குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரானவர், பாதிரியார். அம்மா ஃபிரான்சினாவை ஓர் ஆங்கிலேயத் தம்பதி எடுத்து வளர்த்தார்கள். அந்த வளர்ப்புத் தாயின் பேர் கார்னிலியா. அதைத்தான் பேத்திக்கு வைத்தார்கள். ஃபிரான்சினா பூனாவில் பள்ளிக்கூடம் நடத்தியவர். பெண் பிள்ளை படித்தால் போதும், மேற்கொண்டு எதற்கு என்று கேட்கிற வீடாக அது இருக்கவில்லை.

ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போக அவ்வளவு பணம் ஏது? ஸ்காலர்ஷிப்பா?

ஸ்காலர்ஷிப் கிடைத்திருக்க வேண்டியது. பூனா டெக்கான் கல்லூரியில் படித்துப் பட்டத் தேர்வில் முன்னணியில் வந்தார். அந்த இடத்துக்கு வருகிறவர்கள் இங்கிலாந்து போய்ப் படிக்க அரசாங்க உதவித்தொகை இருந்தது. அதை அவருக்குத் தர மறுத்துவிட்டார்கள். மதிப்பெண் குறைந்ததால் இல்லை, பெண் என்பதால். அவர் சந்தித்த முதல் பூட்டு இதுதான். இதற்கப்புறம் வந்த பூட்டுகளும் இதே அச்சில் வார்த்தவை.

படிப்பை முடித்துவிட்டு அகமதாபாத் குஜராத் கல்லூரியில் ஆண் மாணவர்களுக்கு ஆங்கில இலக்கியம் நடத்தினார். அதற்குள் லண்டனில் மேரி ஹாப்ஹவுஸ் என்பவர் இவருக்காகப் பணம் திரட்ட ஆரம்பித்தார். கொடுத்தவர்களில் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலும் ஒருவர். அந்தப் பணத்தில் 1889-ல் ஆக்ஸ்ஃபோர்டில் பெண்களுக்காக இருந்த சோமர்வில் கல்லூரியில் சேர்ந்தார்.

ஆக்ஸ்ஃபோர்டில் 1892-ல் முடிச்சாங்கன்னு ஒரு இடத்தில் இருக்கு, 1922-ல் பட்டம்னு இன்னொரு இடத்தில் இருக்கு. எது சரி?

ரெண்டும் சரி. 1892-ல் தேர்வு எழுதினார். ஆனால் அன்றைக்கு ஆக்ஸ்ஃபோர்டு பெண்களுக்குப் பட்டம் தருவதில்லை. பாடம் கேட்கலாம், பரீட்சையும் எழுதலாம், பட்டம் மட்டும் கிடையாது. 1920-ல்தான் அந்த விதி மாறியது. கார்னிலியா மறுபடியும் இங்கிலாந்து போய்த் தன் பட்டத்தை வாங்கிக்கொண்டது 1922-ல்.

அந்தத் தேர்வை எழுதவும் சும்மா விட்டுவிடவில்லை. ஒரு பெண்ணின் விடைத்தாளைத் திருத்த மாட்டேன் என்று தேர்வாளர் ஒருவர் மறுத்தார். பேலியல் கல்லூரித் தலைவர் பெஞ்சமின் ஜோவெட் போன்றவர்கள் பின்னால் நின்று, பல்கலைக்கழகப் பேரவை இவர் ஒருவருக்காகவே தனித் தீர்மானம் போட வேண்டியிருந்தது. பரீட்சைக்குப் படிக்கிற தலையில் இந்தக் கவலையும் சேர்ந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தேர்வுக்கு முந்தைய நாட்களில் நாம் நுழைவுச்சீட்டை நாலு தடவை எடுத்துப் பார்க்கிறோம். அவருக்கோ அந்தச் சீட்டு உண்டா என்பதே சந்தேகம்.

பெண்கள் வக்கீலாகக் கூடாதுன்னு அப்போ சட்டமே இருந்ததா?

இல்லை. நான் அழுத்திச் சொல்ல நினைக்கிற விஷயமே இதுதான். பிரிட்டிஷ் இந்தியாவின் 1879 வக்கீல்கள் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். பெண்கள் சேரக் கூடாது என்று அதில் ஒரு வரிகூடக் கிடையாது. 'நபர்' என்று இருக்கும், 'அவன்' என்று இருக்கும். அவ்வளவுதான். சட்டங்களில் வருகிற சொற்களை எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்வது 1897 பொது வாசகச் சட்டம். ஆண்பாலில் சொன்ன சொல் பெண்ணையும் குறிக்கும் என்று அது தனியாகவே சொல்கிறது. ஆனால் கூடவே, 'விஷயத்துக்கோ சூழலுக்கோ முரணாக இல்லாவிட்டால்' என்று ஒரு நிபந்தனையும் போட்டிருக்கிறது. அந்த நிபந்தனைச் சந்துக்குள்தான் மொத்தத் தடையும் ஒளிந்திருந்தது.

இங்கிலாந்திலும் இதே கதை. கட்சிக்காரருக்கு ஆலோசனை சொல்லி வழக்கைத் தயார் செய்கிற வக்கீலை அங்கே சொலிசிட்டர் என்பார்கள். 1843 சொலிசிட்டர்கள் சட்டம் 'நபர்' என்றுதான் சொன்னது. க்வினெத் பெப் என்ற பெண், நானும் ஒரு நபர்தானே என்று கேட்டுப் போனார். இதுவரை எந்தப் பெண்ணும் இந்தத் தொழிலில் இருந்ததில்லை, ஆகவே இந்தச் சட்டத்தில் வருகிற 'நபர்' பெண்ணைக் குறிக்காது என்று 1913-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதுவரை விடவில்லை என்பதே இனியும் விடாமல் இருக்கக் காரணமாகிவிட்டது.

எழுதி வைத்த தடை என்றால் அதைக் காட்டி, நீக்கு என்று கேட்கலாம். எழுதாத தடையை எங்கே போய்க் காட்டுவது? கார்னிலியாவை அத்தனை வருஷம் அலைய வைத்தது இதுதான் என்பது என் எண்ணம்.

வக்கீல், ப்ளீடர், பாரிஸ்டர் எல்லாம் ஒண்ணுதானே?

இன்றைக்கு நமக்கு எல்லாரும் வழக்கறிஞர்கள். அன்றைக்கு வேறு வேறு. கீழ் நீதிமன்றங்களில் வாதாடுபவர் ப்ளீடர். உயர் நீதிமன்றத்தில் பதிவு செய்துகொண்டவர் வக்கீல். லண்டனில் உள்ள லிங்கன்ஸ் இன் மாதிரியான நான்கு சட்டச் சங்கங்களில் ஒன்றில் சேர்ந்து அங்கே அழைப்பு, அதாவது வாதாடும் தகுதி, பெற்றவர் பாரிஸ்டர். ஒவ்வொன்றுக்கும் தனி வாசல், தனிக் காவல்காரர். இந்த வித்தியாசம் மனதில் நின்றால் கீழே வருகிற பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இந்தியாவுக்குத் திரும்பினதும் நேரா ஒரு பரீட்சை எழுதிப் பதிஞ்சிருக்கலாமே?

ஒன்று இல்லை, ரெண்டு எழுதினார். ஆக்ஸ்ஃபோர்டுப் படிப்பு போதாது என்ற பேச்சு வந்ததால் 1897-ல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் எல்எல்.பி. தேர்வு எழுதினார். பிறகு 1899-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் நடத்திய வக்கீல் தேர்வையும் எழுதித் தேறினார். அப்புறமும் பதிவு கிடைக்கவில்லை. லண்டனில் சொலிசிட்டர் அலுவலகத்தில் பயிற்சி எடுத்த அனுபவமும் கையில் இருந்தது. அதுவும் உதவவில்லை.

பதிவே இல்லாமல் கோர்ட்டில் வாதாடினார்னு சொல்றாங்களே, அது எப்படி முடியும்?

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஒரு சின்ன இடைவெளி இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவருக்காக, நீதிமன்றத்தின் அனுமதியோடு நியமிக்கப்படும் வேறு ஒருவரும் வாதாடலாம் என்று அதில் உண்டு. அதை வைத்து 1896-ல், கணவனைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு பெண்ணுக்காக பிரிட்டிஷ் இந்திய நீதிமன்றத்தில் நின்று வாதாடினார். மேலே சட்டத்தைப் பற்றிய கேள்வியில் பெண்ணை வெளியே நிறுத்திய அதே மாதிரிப் பொதுச் சொல், இங்கே உள்ளே விட்டிருக்கிறது பாருங்கள். சொல் ஒன்றுதான், படிக்கிற நீதிபதியின் மனசு வேறு.

இது தவிர கத்தியவார், இந்தூர் சமஸ்தானங்களில் பிரிட்டிஷ் ஏஜெண்டுகள், அதாவது அங்கே இருந்த பிரிட்டிஷ் அரசுப் பிரதிநிதிகள் முன்பு மனு வைக்கச் சிறப்பு அனுமதி வாங்கினார். அந்தக் காலத்துச் சமஸ்தான நியாயம் எப்படி இருந்தது என்பதற்கு அவரே தன் நினைவுகளில் ஒரு சம்பவம் சொல்கிறார். ஒரு யானைக்கு வாழைத்தோப்பு ஒன்றை மானியமாக எழுதி வைத்திருந்தார்கள். பிற்பாடு அதை நிறுத்திவிட்டார்கள். யானை பட்டினி. யானையின் பக்கம் கார்னிலியா ஆஜர். புத்தகங்களையெல்லாம் புரட்டி, வாதத்தை அடுக்கிக்கொண்டு போகிறார். போனால், தோப்பை நிறுத்திய ராஜாவேதான் நீதிபதி. தோட்டத்தில் ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கிறார். இவர் வாயைத் திறப்பதற்குள், நீ ஜெயித்துவிட்டாய், என் நாய்க்கு உன்னைப் பிடித்துவிட்டது என்றாராம். கேட்கிறவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு இதில் படுவது வேறு. நாய் முகர்ந்து பார்த்து விலகிப் போயிருந்தால் அந்த வழக்கு என்ன ஆகியிருக்கும்? அனுமதியில் நிற்கிற வக்கீலின் நிலைமை அதுதான். உரிமையோடு நிற்பவருக்கு அந்தக் கவலை இல்லை.

கோஷா பெண்களுக்காக வேலை செஞ்சாங்கன்னு இருக்கு. வீட்டுக்குள்ளேயே இருக்கிறவங்களுக்கு வக்கீல் எதுக்கு?

நம் ஊரில் கோஷா என்றால் பலருக்குச் சென்னை திருவல்லிக்கேணியின் கோஷா ஆஸ்பத்திரிதான் நினைவுக்கு வரும். வடக்கே 'பர்தாநஷீன்' என்பார்கள். குடும்பத்துக்கு வெளியே எந்த ஆணின் பார்வையிலும் படாமல் வாழ்ந்த பெண்கள், இந்துக்களிலும் உண்டு, முஸ்லிம்களிலும் உண்டு. இவர்களில் பலர் ஏழைகள் இல்லை. கணவன் இறந்தபின் ஜமீனுக்கே வாரிசானவர்கள். ஊர் ஊராக நிலம் இருக்கும், அதில் ஒரு வயலைக்கூடக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள்.

அந்த வீட்டுக்குள் ஒரு பத்திரம் எப்படிப் போகும் என்று நினைத்துப் பாருங்கள். திரைக்கு இந்தப் பக்கம் காரியஸ்தர் நிற்பார், இல்லையென்றால் மைத்துனர். காகிதத்தை உள்ளே நீட்டுவார். வரிப் பணம் கட்டுவதற்கு என்பார். திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை நீளும், ரேகையோ முத்திரையோ விழும். நிலம் கைமாறியது அவளுக்குத் தெரியவே வருஷக்கணக்கு ஆகலாம்.

பர்தாவில் இருக்கும் பெண் எழுதிக் கொடுத்த பத்திரத்தை நம்பி வருகிறவர், அவள் அதைப் புரிந்துகொண்டு சம்மதித்தாள் என்று தானே நிரூபிக்க வேண்டும் என்பது, அன்றைக்கு இந்திய வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு இடமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வகுத்த கொள்கை. அவளுக்குச் சுயேச்சையான ஆலோசனை கிடைத்ததா என்றும் பார்ப்பார்கள். நல்ல கொள்கைதான். ஆனால் ஆலோசனை சொல்ல வேண்டிய வக்கீல் ஆண். அவர் உள்ளே போக முடியாது, அவள் வெளியே வர முடியாது. உள்ளே போகக்கூடிய ஒரே ஆள் பெண் வக்கீல், அவருக்கோ கோர்ட்டில் பதிவு இல்லை! கார்னிலியா வாழ்நாள் முழுக்க முட்டிக்கொண்டது இந்தச் சுவரில்தான்.

அரசாங்கமே அவருக்கு வேலை கொடுத்ததாமே? அப்போ வக்கீலாத்தானே இருந்தார்?

இல்லை, சட்ட ஆலோசகராக இருந்தார். வாரிசு சிறுவனாகவோ பர்தாவில் இருக்கும் பெண்ணாகவோ இருந்தால் அந்த ஜமீனை அரசாங்கமே ஏற்று நடத்தும். அந்த அமைப்புக்கு 'கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்' என்று பேர். இப்படிப்பட்ட பெண்களிடம் பேச ஒரு பெண் அதிகாரி வேண்டும் என்று 1902 முதல் இந்திய ஆட்சியைக் கவனித்த லண்டன் இந்தியா அலுவலகத்துக்குத் தொடர்ந்து கோரிக்கை வைத்தார். 1904-ல் வங்காளத்தில் அந்தப் பதவியை உருவாக்கி இவரையே போட்டார்கள். 1907 வாக்கில் பீகார், ஒரிசா, அஸ்ஸாம் வரை வேலை விரிந்துவிட்டது. பல்லக்கிலும் படகிலும் போய்ச் சேர்ந்த வீடுகள் எத்தனையோ. சுமார் இருபது வருஷத்தில் அறுநூறுக்கும் மேற்பட்ட பெண்களுக்கும் அநாதைக் குழந்தைகளுக்கும் உதவியதாகக் கணக்கு. 1909-ல் கெய்சர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் கொடுத்தார்கள்.

பதக்கம் கொடுத்த அரசாங்கம் கோர்ட்டில் நிற்க விடவில்லை. வழக்கை அவர் தயார் செய்யலாம், வாதாடுவது வேறு ஒருவர்.

ரெஜினா குஹா யார்? அவர் பேரும் கூடவே வருதே?

1916-ல் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் அலிப்பூர் மாவட்ட நீதிமன்றத்தில் ப்ளீடராகப் பதிய விண்ணப்பித்தவர். சட்டப் பட்டம் இருந்தது. விண்ணப்பம் கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்குப் போய், ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து கேட்டார்கள். பெரிய பாரிஸ்டர் எர்ட்லி நார்ட்டன் இவருக்காக வாதாடினார். பெண் பதியத் தகுதியில்லை என்று தீர்ப்பு வந்தது. காரணம், மேலே சட்டத்தைப் பற்றிய கேள்வியில் சொன்ன அதே காரணம்தான். சட்டம் இயற்றியவர்கள் பெண்ணை நினைத்து இயற்றவில்லை என்றார்கள்.

ரெஜினா 1919-ல் இறந்துவிட்டார். கதவு திறந்ததைப் பார்க்கவில்லை. கார்னிலியாவைப் பற்றிப் பேசும்போது இந்தப் பேரை விட்டுவிட எனக்கு மனம் வருவதில்லை. நேருக்கு நேர் நின்று, எனக்கு உரிமை உண்டா இல்லையா, சொல்லுங்கள் என்று நீதிமன்றத்தையே கேட்டவர் அவர். கிடைத்த பதில் தப்பான பதிலாக இருக்கலாம். ஆனால் அது எழுத்தில் வந்தது. எழுத்தில் வந்தபின் அதை மாற்றச் சொல்லிக் கேட்க முடிந்தது.

1899-ல் மறுத்த அலகாபாத், 1921-ல் ஏன் ஒத்துக்கொண்டது?

நடுவில் உலகம் மாறியிருந்தது. 1919-ல் இங்கிலாந்து ஒரு சட்டம் போட்டு, பெண் என்பதால் யாரையும் தொழில்களிலிருந்து விலக்கக் கூடாது என்றது. 1921-ல் அலகாபாத் நீதிபதிகள் இதை ஒரு வழக்காக வைத்துத் தீர்ப்பு எழுதவில்லை. தங்கள் நிர்வாகக் கூட்டத்தில் முடிவெடுத்து, ஆகஸ்டில் கார்னிலியாவைப் பதிவு செய்தார்கள். அப்போது அவருக்கு வயது 54.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதே ஆண்டு நவம்பரில் சுதான்சுபாலா ஹஸ்ரா என்பவர் பாட்னா உயர் நீதிமன்றத்தில் விண்ணப்பித்தார். ஒரிசாவின் மதுசூதன் தாஸ் அவருக்காக வாதாடினார். பாட்னா, கல்கத்தா போன வழியிலேயே போய் மறுத்துவிட்டது. ஒரே நாடு, ஒரே சட்டம், மூன்று மாத இடைவெளி. ஒரு ஊரில் பெண் வக்கீல் ஆகலாம், பக்கத்து மாகாணத்தில் ஆகக் கூடாது. இந்தக் கோளாறுதான் அடுத்த கேள்விக்குக் கொண்டுபோகிறது.

1923 சட்டத்தில் என்னதான் இருக்கு?

மிகச் சின்னச் சட்டம். பெண் என்ற ஒரே காரணத்துக்காக யாரையும் வக்கீலாகச் சேர்க்காமலோ தொழில் செய்ய விடாமலோ இருக்கக் கூடாது என்பதுதான் சாரம். 1922-ல் மத்திய சட்டசபையில் இதற்கான தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் ஹரி சிங் கௌர். மேலே சொன்ன சந்து இதோடு அடைபட்டது.

அப்போ இந்தியாவின் முதல் பெண் வக்கீல் யாரு? புத்தகத்துக்குப் புத்தகம் வேற வேற பேரா இருக்கே, பரீட்சையில் எதை எழுதுறது?

'எதில் முதல்' என்று கேட்காமல் பதில் சொன்னால் தப்பாகிவிடும். உயர் நீதிமன்றத்தில் வக்கீலாகப் பதிந்த முதல் பெண் கார்னிலியா, 1921. லண்டனில் பாரிஸ்டராக அழைப்புப் பெற்ற முதல் இந்தியப் பெண் மித்தன் டாட்டா, கல்யாணத்துக்குப் பின் மித்தன் லாம். 1923 ஜனவரியில் அழைப்புப் பெற்றவர். கார்னிலியாவும் அதே லிங்கன்ஸ் இன்னில்தான் அழைப்புப் பெற்றார், ஆனால் சில மாதம் கழித்து. உயர் நீதிமன்ற நீதிபதியான முதல் இந்தியப் பெண் கேரளத்தின் அன்னா சாண்டி, 1959. உச்ச நீதிமன்றத்துக்கு முதலில் போனவர் பாத்திமா பீவி, 1989. பிற்பாடு நம் மாநில ஆளுநராக இருந்தாரே, அவரேதான்.

கேள்வித்தாளில் வெறுமனே 'முதல் பெண் வழக்கறிஞர்' என்று இருந்தால் கார்னிலியா பேரை எழுதுங்கள்.

மெட்ராஸ்ல எப்போ?

ஆனந்தா பாய், 1929. மெட்ராஸ் சட்டக் கல்லூரியில் படித்து மெட்ராஸ் உயர் நீதிமன்றத்தில் பதிந்த முதல் பெண். தென் கன்னடப் பகுதியைச் சேர்ந்தவர், அந்த மாவட்டம் அப்போது மெட்ராஸ் மாகாணத்தில் இருந்தது. 1923 சட்டம் வந்துவிட்டதால் ரெஜினா போலவோ சுதான்சுபாலா போலவோ அவர் வழக்குப் போட வேண்டியிருக்கவில்லை.

அவர் பிரிட்டிஷ் ஆட்சியை ஆதரிச்சவராமே? காந்தியை எதிர்த்தாராமே? அவரை ஏன் கொண்டாடணும்?

உண்மைதான். ஆதரித்தார், எதிர்த்தார். காந்தியின் இயக்கத்தைப் பகிரங்கமாகவே விமர்சித்தார். பெண்களின் நிலைமை மெல்ல மெல்ல, உள்ளிருந்தே மாற வேண்டும் என்று நினைத்தார். சக பெண் இயக்கத்தினர் பலரோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. நம் பாடப்புத்தகங்களில் அவர் பேர் அதிகம் வராததற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

எனக்கும் அவருடைய அரசியலில் உடன்பாடு இல்லை. அதை மறைத்து அவரைப் பற்றிப் பேசுவதும் இல்லை. ஆனால் அந்தத் திரைக்குப் பின்னால் போய், தரையில் உட்கார்ந்து, இந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா அம்மா என்று விளக்கிச் சொல்ல அன்றைக்கு வேறு வக்கீல் இருக்கவில்லை. அந்த வேலையை அரசியலை வைத்து அழித்துவிட முடியாது.

கடைசியில் கோர்ட்டில் நல்லா வாதாடினாரா?

1924-ல் கல்கத்தா திரும்பி உயர் நீதிமன்றத்தில் தொழில் தொடங்கினார். வயது 57. ரெஜினாவை மறுத்த அதே நீதிமன்றம். இப்போது சட்டம் உள்ளே விட்டது. ஆனால் வழக்குக் கொடுக்க வேண்டியவர்கள் கொடுக்கவில்லை. பெரும்பாலும் சட்டக் கருத்து எழுதிக் கொடுக்கிற வேலைதான் வந்தது. எழுந்து நின்று வாதாடும் வாய்ப்பு அபூர்வம். 1929-ல் ஓய்வு பெற்று லண்டன் போய்விட்டார்.

அதே 1929-ல்தான் மெட்ராஸில் ஆனந்தா பாயும் திருவிதாங்கூரில் அன்னா சாண்டியும் பதிவு செய்தார்கள். கார்னிலியா லண்டனில் கண்மூடிய 1954-ல், அன்னா சாண்டி மாவட்ட நீதிபதியாகி ஆறு வருஷம் ஆகியிருந்தது.